கன்னிங் ஐடியாவுக்கு நன்றி: ஆங்கிலச் சொல், பொருள், எதிர்ச்சொல் சேர்க்க என் வழி

ஆங்கிலச் சொல்வளம் பெருக்கக் கிளம்பிய எல்லாருக்கும் அபான்டன் தெரியும். அபேட், அபாலிஷ் வரைகூட வந்திருப்பார்கள். பி-யில் தொடங்கும் சொல் ஒன்று கேட்டால் முழிப்பார்கள். அகரவரிசைப் பட்டியலை ஆவேசமாக ஆரம்பித்து இரண்டாம் வாரம் மூடி வைத்தவர்களை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நானும் அந்தக் கூட்டம்தான்.

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுக்குப் படித்தபோது ஒரு லாங் சைஸ் நோட்டை இப்படி நிரப்பினேன்: ஒரு சொல், எதிரே ஐந்து சினானிம் (ஒத்த பொருள் சொல்), ஐந்து ஆன்டனிம் (எதிர்ச்சொல்). தேர்வில் ஓரளவு கைகொடுத்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு காலை வாரிவிட்டது. ஒரு சீனியர் சொன்ன யோசனையால் இரண்டு நாள் வேலை மிச்சமானது. நன்றி சொல்லி மெயில் எழுத உட்கார்ந்தேன். ‘க்ளெவர்’ என்று போட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது மாதிரி இருக்குமே என்று, நோட்டில் அதே வரிசையில் இருந்த ‘கன்னிங்’கை எடுத்துப் போட்டேன். ‘தேங்க்ஸ் ஃபார் யுவர் கன்னிங் ஐடியா.’ சிசி-யில் பத்துப் பேர். அதாவது, ‘உங்கள் நரித்தனமான யோசனைக்கு நன்றி’. அவர் நல்ல மனுஷன், ‘தம்பி, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?’ என்று கேட்டுச் சிரித்ததோடு விட்டுவிட்டார்.

அந்த நோட்டைப் பரணில் போட்டுவிட்டு, பிறகு நான் பிடித்துக்கொண்ட முறை இது.

படி 1: சொல்லை எங்கே பிடிப்பது

பட்டியலிலிருந்து வேண்டாம். நீங்கள் எப்படியும் படிக்கிற ஏதாவது ஒன்று: கிரிக்கெட் செய்தி, அலுவலக மெயில், செல்போன் விமர்சனம், சப்டைட்டில். அதில் தடுக்கிய சொல்லை அது இருந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து, அதற்கு மேல் கூடாது. முதல் வாரம் இருபது இருபதாகச் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். மூன்றாம் வாரம் திரும்பப் படிக்க வேண்டியது குவிந்துபோய் மொத்தமாக விட்டுவிடுவீர்கள்.

படி 2: அட்டை

நோட்டை விட அட்டை நல்லது. கடையில் வாங்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெறும் பக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள், நல்ல தடிமன், காசும் இல்லை. என் அட்டை ஒன்றை அப்படியே காட்டுகிறேன்.

முன்பக்கம்: ‘ஹி வாஸ் ______ டு லெண்ட் மீ ஹிஸ் பைக்.’

பின்பக்கம்: ரிலக்டன்ட். மனசில்லாமல் தயங்குவது. பக்கத்து வீடு (அதாவது சினானிம்): ஹெசிடன்ட் (இதுவும் தயக்கம்தான், ஆனால் முடிவுக்கு வர முடியாத தயக்கம்). எதிர்: வில்லிங், ஈகர். ஒட்டு (சொல்லுக்குப் பின்னால் ஒட்டி வரும் சின்னச் சொல்): டு.

இரண்டு விஷயம் கவனியுங்கள். முன்பக்கத்தில் சொல்லே இல்லை, கோடிட்ட இடம்தான் இருக்கிறது. சொல்லை எழுதி வைத்தால் பார்த்ததும் ‘ஆங், தெரியும்’ என்று மனசு ஏமாற்றும். வாக்கியத்திலிருந்து சொல்லை வரவழைத்தால்தான் பேசும்போது வாயில் வரும். இரண்டாவது, பக்கத்து வீடு ஒன்றுதான், மிஞ்சிப்போனால் இரண்டு. ஐந்து சினானிம் எழுதினால் ஐந்தும் மறக்கும்.

தமிழில் பொருள் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ‘ஆங்கிலத்திலேயே யோசி’ என்று சொல்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். தமிழ்ப் பொருள் வாசல்படி மாதிரி, அதில் கால் வைத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

படி 3: சினானிம் (நான் வழுக்கி விழுந்த இடம்)

தமிழில் தொடங்குவோம். காலமானார், இறந்தார், செத்தான், மண்டையைப் போட்டான். நான்குக்கும் ஒரே பொருள். பக்கத்துத் தெருத் தாத்தா வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய் நான்காவதைச் சொல்வீர்களா? யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை, ஆனாலும் தெரியும். ஆங்கிலச் சொற்களுக்கும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. பட்டியல் போடுகிறவர்கள் அதை வழித்து எறிந்துவிட்டு எல்லாச் சொல்லையும் ஒரே வரியில் அடுக்குகிறார்கள்.

அதனால் பக்கத்து வீட்டுச் சொல்லை எழுதும்போது மூன்று கேள்வி கேட்கிறேன்.

முதலில், இது பாராட்டா, வசவா, சும்மாவா? பென்சிலால் கூட்டல், கழித்தல், சுழியம் போடுகிறேன். ஸ்லிம் கூட்டல், தின் சுழியம், ஸ்கின்னி பெரும்பாலும் கழித்தல். ஃபேமஸ் நல்ல பெயர், நொடோரியஸ் கெட்ட பெயர். நல்ல மாணவர் அகராதிகளில் (ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே எழுதியவை) இதற்கென்றே ‘டிஸ்அப்ரூவிங்’ என்று சின்ன எழுத்தில் குறிப்பு இருக்கும். நான்கு வருடம் அந்தக் குறிப்பைப் படிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன்.

அடுத்தது, எங்கே சொல்வது? நண்பனிடம் ‘ஹெல்ப்’, அரசு அறிவிப்பில் ‘அசிஸ்டன்ஸ்’. நண்பனிடம் அசிஸ்டன்ஸ் கேட்டால் மனு கொடுக்க வந்தவர் போல இருக்கும். இன்னொன்று: நம் ஊரில் ஆள் இறந்தால் ‘எக்ஸ்பையர்டு’ என்று மரியாதையாகச் சொல்வதாக நினைக்கிறோம். வெளிநாட்டுக்காரர் காதில் அது லைசென்சும் பால் பாக்கெட்டும் காலாவதியாவது. ‘பாஸ்ட் அவே’ என்று எழுதுங்கள்.

மூன்றாவதுதான் கஷ்டமானது: பக்கத்தில் எந்தச் சொல் நிற்கும்? பலத்த மழை, பலத்த காற்று, பலத்த கைதட்டல் என்கிறோம். பலத்த என்றால் வலிமையான என்றுதானே பொருள் என்று ‘வலிமையான மழை’ என்று யாராவது எழுதினால் சிரிப்போம். ஆங்கிலத்தில் மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. பவர்ஃபுல்லும் ஸ்ட்ராங்கும் பட்டியலில் அண்ணன் தம்பி, ஆனால் ‘பவர்ஃபுல் டீ’ என்று எந்த ஆங்கிலேயரும் கேட்க மாட்டார். இதற்கு விதி கிடையாது. அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிப்பது ஒன்றுதான் வழி.

அகராதி பற்றிக் கேட்பவர்களுக்கு: முதல் ஒரு வருடம் தெசாரஸ் (ஒத்த சொற்களின் தொகுப்பு) ஆப் பக்கமே போகாதீர்கள். ரோஜெட் என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்ட தெசாரஸ், சொல் தெரியாதவர்களுக்காக எழுதப்பட்டது இல்லை. கருத்து மனசில் இருக்கிறது, அதற்கேற்ற சொல் மட்டும் கிடைக்கவில்லை என்பவர்களுக்காக. நம் நிகண்டுகளும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் செய்யுளில் கோத்துக் கொடுத்தன, ஆனால் அதைப் படித்தவருக்குத் தமிழ் ஏற்கெனவே தெரியும். நமக்குத் தேவை மாணவர் அகராதி. லாங்மன் பதிப்பகம் 1978-ல் கொண்டுவந்த அகராதியில் விளக்கங்களை எல்லாம் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதினார்கள். அந்த வகை அகராதிகள் இப்போது இணையத்தில் இலவசம். கூகுளில் தட்டினால் முதலில் வரும் பெட்டியோடு நிற்காமல் உள்ளே போய்ப் பாருங்கள்.

படி 4: ஆன்டனிம்

சொல்லுக்கு எதிர்ச்சொல் தேடக் கூடாது, பொருளுக்குத் தேட வேண்டும். ‘ஓல்டு’ என்பதற்கு எதிர் என்ன? முதியவர் என்றால் யங். பழைய சைக்கிள் என்றால் நியூ. தமிழில் பொருள் எழுதும்போது முதிய, பழைய என்று இரண்டு வந்ததா? அப்படியானால் எதிர்ச்சொல்லும் இரண்டாக இருக்கலாம் என்று உஷாராகிவிடுங்கள். ‘ஷார்ட்’டும் இப்படித்தான், குட்டையான ஆளுக்கு எதிர் டால், நீளம் குறைந்த கயிற்றுக்கு எதிர் லாங். நம் டீக்கடையில் ஸ்ட்ராங்குக்கு எதிர் லைட். ஆங்கிலத்தில் ஸ்ட்ராங் டீக்கு எதிர் வீக் டீ.

பாரோ, லெண்ட் தனியாக ஒரு தலைவலி. தமிழில் கடன் என்ற ஒரே சொல்லை வைத்து வாங்கு, கொடு என்று திசை காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் திசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வாங்குபவர் பாரோ, கொடுப்பவர் லெண்ட். ‘கேன் யூ பாரோ மீ எ பென்’ என்று நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேனோ.

சொல்லுக்கு முன்னால் ஒட்டி எதிர்ப்பொருள் தரும் முன்னொட்டு எளிது. இன் என்பது பி, எம் ஓசைகளுக்கு முன் இம் ஆகும்: இம்பாசிபிள், இம்மெச்சூர். எல்லுக்கு முன் இல்: இல்லீகல். ஆருக்கு முன் இர்: இர்ரெகுலர். மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, அதே சோம்பேறித்தனம்தான், அடுத்த எழுத்துக்கு வாய் முன்கூட்டியே தயாராகிறது. அன், டிஸ் இரண்டும் இப்படி மாறாது. எந்தச் சொல்லுக்கு எது வரும் என்பதைச் சொல்லோடு சேர்த்துத்தான் பழக வேண்டும்.

ஆனால் முன்னொட்டை மட்டும் நம்பினால் இரண்டு இடத்தில் மாட்டுவீர்கள். ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பில்லாதது இல்லை, விலைமதிப்பற்றது. தமிழிலும் ‘மதிப்பற்ற’வுக்கும் ‘விலைமதிப்பற்ற’வுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். வேல்யுவபிளுக்கு எதிர் வொர்த்லெஸ். இன்னொன்று பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் இருக்கும் ‘இன்ஃப்ளேமபிள்’. தீப்பிடிக்காது என்று பொருள் இல்லை, சட்டென்று பற்றிக்கொள்ளும் என்று பொருள். ஃப்ளேமபிளும் அதுவும் ஒன்றே.

தேர்வு எழுதுபவர்களுக்கு மட்டும்: எதிர்ச்சொல் கேட்கும் வினாவில் நான்கு விடைகளில் ஒன்று அடிக்கடி சினானிமாக இருக்கும். அவசரத்தில் கண் அதில்தான் போய் நிற்கும். எஸ்எஸ்சி நடத்தும் சிஜிஎல் (பட்டதாரிகளுக்கான தேர்வு) முதல் கட்டத்தில் ஒரு தவறான விடைக்கு 0.50 மதிப்பெண் போகும். கேள்வியில் ‘ஆன்டனிம்’ என்ற சொல்லை வட்டமிட முடியாது, கணினித் தேர்வு. நான் விரலை மேசையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் விடையைப் பார்ப்பேன்.

படி 5: திரும்பப் பார்ப்பது

செருப்பு டப்பாவை ஐந்து அறையாகத் தடுங்கள். புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு, தப்பானால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கு. முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது பதினைந்து நாள், ஐந்தாவது மாதம் ஒருமுறை. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972-ல் எழுதிய முறை இது, நாள் கணக்கு மட்டும் என் வசதிக்கு மாற்றியது. செல்போனில் வேண்டும் என்றால் ஆன்கி என்ற அட்டை ஆப். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. மற்றவர்கள் தயாரித்த அட்டைக் கட்டை இறக்காதீர்கள். அதில் உங்கள் வாக்கியம் இருக்காது.

பதிவுக்குப் பிறகு சேர்த்தது 1: ‘டிஸ்கஸ் என்றால் டாக் அபவுட் என்று அட்டையில் எழுதினேன், பிறகு டிஸ்கஸ் அபவுட் என்று எழுதித் திட்டு வாங்கினேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குப் பிறகுதான் அட்டையில் ‘ஒட்டு’ என்ற வரி வந்தது. டிஸ்கஸுக்கு ஒட்டு கிடையாது, அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள்.

சேர்த்தது 2: உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தப் பதிவில் நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் அட்டையில் வேண்டாம். கிரிக்கெட் மட்டையும் ‘பேட்’, கெட்டது என்பதும் ‘பேட்’, காலில் கட்டுவதும் ‘பேட்’. அட்டையில் ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு, அகராதியில் இருக்கும் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேளுங்கள்.

சேர்த்தது 3: பிரிட்டனில் இருக்கும் வாசகர் ஒருவர், ‘கன்னிங் சில இடங்களில் பாராட்டும்கூட, புத்திசாலித்தனமாகச் செய்த ஒரு கருவியைச் சொல்லலாம்’ என்கிறார். சரிதான், அகராதியிலும் இரண்டாவது பொருளாக இருக்கிறது. என் அட்டையில் இப்போது ஆளுக்குக் கழித்தல், கருவிக்குக் கூட்டல் என்று இரண்டு குறி. சீனியரிடம் இதைக் காட்டினேன். ‘அப்போ அந்த மெயிலில் நான் ஆளா, கருவியா?’ என்கிறார்.

சேர்த்தது 4: அட்டை தீர்ந்துவிட்டது என்பவர்கள் பொறுங்கள், தை மாத முகூர்த்தப் பத்திரிகைகள் வர ஆரம்பித்துவிடும். பளபளவென்று வழுக்குகிற தாளை எடுக்காதீர்கள், பென்சில் பிடிக்காது.