யாருக்கு எந்த அறை? பெற்றோர் செய்யும் தவறுகள்

அறைகளைப் பிரிக்கும்போது பலரும் யோசிக்காமலே செய்துவிடும் ஏற்பாடு இது: பெரிய அறை பெற்றோருக்கு, சிறியது பிள்ளைகளுக்கு. நமக்குப் படுக்க இடமிருந்தால் போதும். பிள்ளைகளோ விளையாடுவது, படிப்பது, கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் அந்த அறைக்குள்தான். இருவர் ஓர் அறையில் இருக்கப்போகிறார்கள் என்றால், பெரிய அறையை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கத் தயங்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய தவறு, தூங்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் இருவரைச் சேர்த்துவிடுவது. 3 முதல் 5 வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். பதின்வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்கு நகர்வதால், அவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வராது. அதை அடம் என்று திட்டுவது அநியாயம். எங்கள் வீட்டில் ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது, மூத்தவள் சமையலறைத் தரையில், குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்தபடி படித்துக்கொண்டிருந்தாள். விளக்கைப் போட்டால் தம்பி விழித்துவிடுவானாம். எத்தனை நாளாக அப்படி என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாளே அவள் மேசையைக் கூடத்துக்கு மாற்றினோம். கதவைத் திறந்தால் வெளிச்சம் முகத்தில் விழாத மூலைக்கு அவன் கட்டிலை நகர்த்தினோம். அறையை மாற்றாமலே சிக்கல் தீர்ந்தது.

கைக்குழந்தையை அவசரப்பட்டு மூத்த பிள்ளையின் அறைக்கு அனுப்பாதீர்கள். குறைந்தது முதல் 6 மாதங்கள் பெற்றோரின் அறையில், ஆனால் தனிப் படுக்கையில், மல்லாந்து உறங்குவதே பாதுகாப்பு. மெத்தை தொய்வில்லாமல் சமமாக இருக்க வேண்டும். தலையணையும் பொம்மையும் அருகில் கூடாது. சோபாவில் குழந்தையை அணைத்தபடி கண்ணயர்ந்துவிடுவது மிக ஆபத்தானது. தம்பிப் பாப்பா வரும் வாரத்திலேயே மூத்தவனை வேறு அறைக்கு மாற்றினால், தன்னைத் துரத்திவிட்டதாகத்தான் அவனுக்குத் தோன்றும். சில மாதங்கள் முன்பே மாற்றுங்கள். தவறினால் பிறகு பொறுமையாகச் செய்யலாம்.

இடம் மிச்சமாகிறதென்று அடுக்குக் கட்டில் வாங்குபவர்கள், 6 வயது நிரம்பாத பிள்ளையை மேல்தட்டில் படுக்கவைக்கக் கூடாது. சுவர்ப் பக்கமும் தடுப்புக் கம்பி வேண்டும். அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குங்கள்.

ஆணும் பெண்ணுமாகப் பகிரும் அறையில், பிள்ளையே கேட்கட்டும் என்று காத்திருப்பது சரியல்ல. பருவ மாற்றம் பெண் குழந்தைகளுக்கு 8 வயதிலும், ஆண் குழந்தைகளுக்கு 9 வயதிலும்கூடத் தொடங்கலாம். கூச்சத்தை வாய்விட்டுச் சொல்லும் பிள்ளைகள் குறைவு. தனி அறை கொடுக்க வழியில்லையா? நடுவே ஒரு திரை, உடை மாற்ற ஓர் இடம், கதவைத் தட்டிவிட்டு நுழையும் பழக்கம். இவ்வளவு எந்த வீட்டிலும் முடியும்.

பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களில், வாரக்கடைசியில் மட்டும் வந்து தங்கும் பிள்ளையை விருந்தாளியைப் போல மடக்குக் கட்டிலில் படுக்கவைப்பதும் உண்டு. அந்தப் பிள்ளை பையைத் திறந்து துணிகளை எடுத்து அடுக்குவதே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்களுக்கென்று ஒரு கட்டிலும் ஓர் இழுப்பறையும் நிரந்தரமாக இருக்கட்டும். அவர்கள் இல்லாத நாட்களில் அந்தக் கட்டிலில் துவைத்த துணிகளைக் குவிக்காதீர்கள்.