பெரிய மாண்டலின் என்று கேட்டு வாங்காதீர்கள்

போன ஐப்பசியில் வேலந்தாவளத்திலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். கையில் புது வாத்தியம். பெட்டியைத் திறந்தால் உள்ளே அறுந்த தந்திகள் நான்கு.

"மாஸ்டர், பெரிய மாண்டலின்னு சொல்லித்தான் வாங்கினேனுங்க. சுருதி சேர்க்கறப்ப எல்லாம் மெல்லிய கீழ்த் தந்தி அறுந்துருதுங்க. தந்தி சரியில்லையா, என் கை சரியில்லையான்னே தெரியலைங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். தந்தியிலும் குறையில்லை, அவர் கையிலும் குறையில்லை. அவர் வைத்திருந்தது ஆக்டேவ் மாண்டலின். மாண்டலினை விட ஒரு முழு ஸ்தாயி, அதாவது ச முதல் அடுத்த ச வரை உள்ள தூரம், கீழே பேச வேண்டிய வாத்தியம். அதை மாண்டலின் சுருதிக்கு முறுக்கிக்கொண்டிருந்தார். தந்தி அறாமல் என்ன செய்யும்?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு என்று எங்கள் எல்லைப் பக்கத்தில் மாண்டலினைப் பல வழிகளில் வந்து தொடுகிறார்கள். திருவிழாக் கானமேளாவில் சினிமாப் பாட்டு வாசிப்பவர்கள், தேவாலயப் பாட்டுக் குழுவில் வாசிப்பவர்கள், கல்பாத்தி தேர் சமயத்துக் கச்சேரிகளைக் கேட்டுவிட்டு கர்நாடக சங்கீதம் வாசிக்க ஆசைப்படுபவர்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே வாத்தியம் பொருந்தாது. ஆனால் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். முதல் தவறு அங்கே தொடங்குகிறது.

மாண்டலின் என்பது ஒரு குடும்பம். மாண்டலின், மாண்டலா, ஆக்டேவ் மாண்டலின், மாண்டசெல்லோ, எப்போதாவது கண்ணில் படும் மாண்டபேஸ். ஐரிஷ் பூசூக்கியை ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொல்லலாம். இதில் பெரியது சிறியது என்பது சட்டையின் அளவு மாதிரி அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருதி உண்டு. மேற்கத்திய இசையில் வயலின், வியோலா, செல்லோ என்று இருக்கும் வரிசைதான் இங்கே மாண்டலின், மாண்டலா, மாண்டசெல்லோ.

சுருதியின் உயரத்தை எண்ணால் குறிக்கும் நம் கட்டைக் கணக்கில் சொன்னால் சட்டென்று பிடிபடும். மாண்டலினில் நான்கு ஜோடித் தந்திகள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை 5 கட்டை, 2 கட்டை, 6 கட்டை, 3 கட்டை. ஒரு ஜோடி ஷட்ஜமம் (ச) என்றால் அடுத்தது அதன் பஞ்சமம் (ப). மாண்டலா ஒரு பஞ்சம தூரம் கீழே இறங்கி 1, 5, 2, 6 கட்டை என்று நிற்கும். ஆக்டேவ் மாண்டலினுக்கு மாண்டலினின் அதே நான்கு சுரங்கள், ஒரு ஸ்தாயி கீழே. மாண்டசெல்லோவுக்கு மாண்டலாவின் அதே நான்கு, ஒரு ஸ்தாயி கீழே. மாண்டபேஸில் ஜோடி கிடையாது. நான்கு ஒற்றைத் தந்திகளை டபுள் பேஸ் மாதிரியே சேர்ப்பார்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏமாற இடம் இருக்கிறது, ஏனென்றால் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. மாண்டலா என்று அமெரிக்காவில் சொன்னால் நான் மேலே சொன்ன 1 கட்டை வாத்தியம். பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனி போன்ற இடங்களில் மாண்டலா என்ற பெயரிலேயே மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே சேர்க்கும் வாத்தியமும் விற்கிறது. அங்கே 1 கட்டை மாண்டலா வேண்டுமானால் டெனர் மாண்டலா என்று கேட்க வேண்டியிருக்கும். நானே இதில் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து மாண்டலா என்று எழுதியிருந்ததை ஆசையாக வரவழைத்தேன், ஆக்டேவ் வாத்தியம் வந்து இறங்கியது. விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் அதற்கு அதுதான் பெயர். நான்தான் அளவு கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு அளவைக் கேளுங்கள். ஒரு டேப் போதும். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் படிந்து வரும் சிறு எலும்புத் துண்டு இருக்கிறதே, நட் என்பார்கள், அதிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் தந்தியின் பேசும் நீளம். சுமார் 35 செ.மீ. வந்தால் மாண்டலின். 40 முதல் 43 வரை வந்தால் 1 கட்டை மாண்டலா. 50 முதல் 58 வரை என்றால் ஆக்டேவ் மாண்டலின். 60-ஐத் தாண்டினால் மாண்டசெல்லோவாகவோ ஐரிஷ் பூசூக்கியாகவோ இருக்கும். இந்த இரண்டையும் நீளத்தை வைத்துப் பிரிக்க முடியாது, தந்தியின் தடிமனைப் பார்க்க வேண்டும். மாண்டசெல்லோவின் 1 கட்டை ஜோடி மிகவும் தடியாக இருக்கும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இந்த ஒரு எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு பணம் அனுப்புங்கள்.

அந்தத் தம்பியின் தந்தி ஏன் அறுந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பலரும் செய்வது இது: தந்தி அறுந்தால் அதைவிடத் தடித்த தந்தி வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் அறும். ஒரே நாதத்தைக் கொண்டுவர, தந்தியின் நீளம் கூடக் கூட இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 35 செ.மீ.யில் பேசிய சுரத்தை 42 செ.மீ. தந்தியில் கொண்டுவர ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும். 55 செ.மீ.யில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. தடித்த தந்திக்கு வலிமை கூடுதல்தான், ஆனால் அதே சுரத்துக்கு அதே விகிதத்தில் இழுவிசையும் கூடுதலாக வேண்டும். கடைசியில் மெல்லியதும் தடித்ததும் ஏறக்குறைய ஒரே சுரத்தில்தான் அறும். மாண்டலினின் 3 கட்டைத் தந்தி அதன் சொந்த நீளத்திலேயே எஃகு தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் சாதாரண மாண்டலினிலும் முதலில் அறுவது பெரும்பாலும் அந்தத் தந்தி. அதைப் பெரிய உடம்பில் கட்டி அதே உயரத்துக்கு ஏற்ற வழியே இல்லை.

தந்தி அறுவது சின்ன நஷ்டம். ஒரு மாண்டலினின் எட்டுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70, 80 கிலோ பாரத்தோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன. தந்தி அறாமல் தாக்குப்பிடித்தால் கழுத்து வளையும், மேல்பலகை அமுங்கும். அதைச் சரிசெய்ய வாத்தியம் வாங்கிய காசில் பாதி போய்விடும்.

அடுத்த தவறைச் செய்பவர்கள் பெரும்பாலும் வயலின் தெரிந்தவர்கள். மாண்டலினும் வயலினும் ஒரே சுருதி என்று எங்கோ படித்திருப்பார்கள். அது மேற்கத்திய வயலினுக்குப் பொருந்தும். நம் வயலினை ச, ப, ச, ப என்று சேர்க்கிறோம். இரண்டாவது தந்திக்கும் மூன்றாவது தந்திக்கும் நடுவே பஞ்சம தூரம் கிடையாது, ப-விலிருந்து மேல் ச வரைதான். மாண்டலினில் அந்த இடத்திலும் பஞ்சம தூரம். செம்பை இசைக் கல்லூரியில் வயலின் படித்த ஒரு பெண் முதல்முறை மாண்டலினை எடுத்து வர்ணம் வாசிக்க உட்கார்ந்து, மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் ஒரு சுரம் தள்ளித் தள்ளி விழுவதைப் பார்த்து அழுதேவிட்டாள். அவ்வளவு நல்ல ஞானம் உள்ளவள்.

இதற்கு எளிய வழி உண்டு. மாண்டலினில் 6 கட்டை ஜோடியை ஒரு முழுச் சுரம் இறக்கி 5-க்கும், 3 கட்டை ஜோடியை ஒரு முழுச் சுரம் இறக்கி 2-க்கும் கொண்டுவாருங்கள். இப்போது 5, 2, 5, 2. அதாவது 5 கட்டை சுருதிக்கு ச, ப, ச, ப. இறக்குவதால் வாத்தியத்துக்கு ஆபத்தில்லை. பெண் குரலோடு சேர்ந்து வாசிக்க அருமையாக இருக்கும். மாண்டலாவிலும் அதே மாதிரி மேல் இரண்டு ஜோடியை இறக்கினால் 1 கட்டைக்கு ச, ப, ச, ப கிடைக்கும். ஆண் குரலுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. மாண்டலாவை நம் ஊரில் யாரும் கவனிக்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1 கட்டையில் அது பேசும்போது வீணையின் கனம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

கர்நாடக சங்கீதம் என்றதும் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் பெயர் வராமல் இருக்காது. ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்தவர், 1978-இல் குடிவாடாவில் தியாகராஜர் ஆராதனையில் முதல் கச்சேரி செய்தவர், 2014-இல் 45 வயதில் மறைந்தவர். அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய் எட்டுத் தந்தி மாண்டலின் வாங்கி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின். அதில் ஜோடித் தந்திகள் இல்லை, ஐந்து ஒற்றைத் தந்திகள். கமகத்துக்காகவும் (சுரத்தை அசைத்து வளைத்து வாசிப்பது) கீழ் ஸ்தாயிக்காகவும் அவர் செய்துகொண்ட மாற்றம் அது. ஃப்ரெட் உள்ள வாத்தியத்தில் கமகம் வர வேண்டுமானால் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஜோடித் தந்தியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு நகராது. சுரம் இரண்டாகப் பிளந்து கேட்கும். கூடவே இரட்டைப் பாரம். ஒரு தோடி ஆலாபனைக்குள் விரல் நுனி கிழிந்துவிடும்.

சரி, இருக்கிற மாண்டலினில் ஜோடிக்கு ஒன்றாகக் கழற்றிவிட்டால் ஆயிற்றே என்று பலர் செய்கிறார்கள். செய்யாதீர்கள். எலெக்ட்ரிக் இல்லாத மாண்டலினின் சத்தம், தந்திகள் குதிரையை, அதாவது மேல்பலகையில் நின்று அவற்றைத் தாங்கும் மரத்துண்டை, அழுத்தும் பாரத்தில்தான் இருக்கிறது. பாதித் தந்தியைக் கழற்றினால் பாரமும் பாதி, நாதமும் மெலிந்துவிடும். மிச்சமிருக்கும் தந்தி நடுவில் நிற்காமல் ஜோடியின் ஓரத்தில் நிற்கும், இழுத்தால் ஃப்ரெட்டை விட்டு வெளியே நழுவும். கமகத்தோடு வாசிக்கத்தான் ஆசை என்றால் ஒற்றைத் தந்திக்கென்றே செய்த எலெக்ட்ரிக் மாண்டலினுக்குக் காசு சேருங்கள். அதை வாங்கிய பிறகு வெண்கலம் சுற்றிய தந்தியை அதில் போடாதீர்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பிக்கப்புக்கு வெண்கலம் சரியாகக் கேட்காது. மெல்லிய தந்திகள் கத்தும், தடித்தவை முனகும். நிக்கல் அல்லது எஃகு சுற்றியது வேண்டும்.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பில் சுருள் வைத்த எஃப் மாடல் அழகாக இருக்கும், விலையும் கூடும். நாதத்தை மாற்றுவது அந்தச் சுருள் அல்ல, மரமும், மேல்பலகை செதுக்கிய விதமும், துளை வட்டமா வயலின் போல் நீண்டதா என்பதும்தான். குறைந்த பணம் உள்ளவர்கள் சொட்டு வடிவ ஏ மாடலை வாங்குங்கள், அதே பணத்தில் நல்ல மரம் கிடைக்கும். பழைய வீடுகளில் கிடைக்கும், முதுகு சட்டி போல வளைந்த நேபிள்ஸ் வகை மாண்டலினுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அவற்றுக்கு மிக மெல்லிய தந்திகள்தான். இன்றைய சாதாரண செட்டை மாட்டினால் மேல்பலகை உள்ளே போய்விடும்.

உகுலேலேயை மாண்டலின் என்று நினைத்து எஃகுத் தந்தி கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது நைலான் தந்திக்காகச் செய்தது, ஒரே நாளில் குதிரை பிய்ந்து வரும். அப்புறம், பேஞ்சோ வேண்டும் என்று சொன்னால் நம் நாட்டில் சிலர் பொத்தான் அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவை எடுத்து நீட்டுவார்கள். அதையும் பேஞ்சோ என்றே அழைக்கும் வழக்கம் உண்டு.

விரல் போடுவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். மாண்டலினில் ஒரு விரலுக்கு இரண்டு ஃப்ரெட் என்று வயலின் கணக்கில் வைப்போம். ஆக்டேவ் மாண்டலினிலும் மாண்டசெல்லோவிலும் இடைவெளி அகலம் என்பதால் கிதார் போல ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட். மாண்டலின் விரலை அப்படியே பெரியதற்குக் கொண்டுபோனால் மணிக்கட்டு வலிக்கும். பத்து வயதுக் குழந்தைக்கு, வளர்ந்த பிறகும் ஆகும் என்று பெரியதாக வாங்கித் தருகிற பெற்றோரிடம் இதை நான் கெஞ்சிச் சொல்வதுண்டு. அந்த வயதில் வலி வந்தால் குழந்தை வாத்தியத்தையே வெறுத்துவிடும்.

கடைசியாக, எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்டு அடிக்கும், மரம் சுருங்கும். ஆனியில் மழை வந்தால் அதே மரம் ஈரத்தை வாங்கி உப்பும், தந்தியில் துரு பிடிக்கும். கோடையில் சரியாக இருந்த மாண்டலின் மழையில் தந்தி உயர்ந்து நிற்கும். உடனே கழுத்து வளைந்துவிட்டது என்று பயந்து யாரிடமாவது கொடுத்து ராவிவிடாதீர்கள். பெட்டிக்குள் வைத்து, ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் காற்று மாறினால் தானே இறங்கும்.

துருப்பிடித்த தந்தியை மாற்றும்போது எட்டையும் ஒரேயடியாகக் கழற்றுவது நான் வாராவாரம் பார்க்கும் தவறு. இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றில் குதிரையைப் பலகையில் ஒட்டியிருக்க மாட்டார்கள், தந்தியின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. எல்லாம் கழன்றால் குதிரை நகர்ந்துவிடும், அதன் பிறகு திறந்த தந்தி சுத்தமாகச் சேர்ந்திருந்தும் மேல் ஃப்ரெட்டுகள் அபஸ்வரமாகவே பேசும். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். முடிந்ததும் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மீட்டும்போது வரும் மணிநாதமும், அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டும்போது வரும் சுரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தியது கூடுதலாகக் கேட்டால் குதிரையை நட்டிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி வைக்க வேண்டும், குறைவாகக் கேட்டால் நட்டை நோக்கி. நான் முதல் தந்தியைத் தொடுவதற்கு முன்பே குதிரையின் நான்கு மூலையிலும் பென்சிலால் சிறு புள்ளி வைத்துக்கொள்வேன். வேலந்தாவளத்துத் தம்பியின் வாத்தியத்துக்கும் அப்படித்தான் வைத்து, அதற்குரிய தந்திகளைப் பூட்டி, ஒரு ஸ்தாயி கீழே சேர்த்துக் கையில் கொடுத்தேன்.