கொலு பார்க்கில் ரயில் நிற்காமல் ஓட...

கொலுப்படிக்குக் கீழே பார்க் போட்டு மாடல் ரயில் ஓட விடுகிற வீடுகளுக்கு ஒரு குறிப்பு. சுண்டல் வாங்க வருகிற குழந்தைகள் பொம்மையைப் பார்ப்பதைவிட ரயில் முன்னால்தான் உட்காருவார்கள். அந்த நேரம் பார்த்து இன்ஜின் விக்கி விக்கி நின்றுவிடும்.

பெரும்பாலும் கோளாறு மோட்டாரில் இருக்காது. ஹெச்.ஓ. என்கிற மாடல் ரயில் ரகத்தில் (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ.) மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் இன்ஜினுக்கு ஏறுகிறது. நடுவே மெல்லிய பிசுக்கு படிந்தாலே போதும், தொடர்பு விட்டுப்போகும். சென்னையில் கடலோரப் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்று. போதாததற்கு ஊதுபத்திப் புகை, விளக்கெண்ணெய்ப் பிசுக்கு வேறு.

சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு ரொம்ப முன்னாலேயே, ஸ்விட்சை அணைத்துவிட்டு, பழைய பனியன் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை (பிசுக்கைக் கரைத்துச் சீக்கிரம் ஆவியாகும் திரவம்) தொட்டு தண்டவாளத்தின் மேல்பக்கத்தைத் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் நன்றாகக் காயவிட்டு அப்புறம் விளக்கேற்றுங்கள். சக்கரங்களுக்குக் காது குடையும் பட்ஸ் சரியாக இருக்கும். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம்; அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறும்.

இன்னொன்று, மணல். கேழ்வரகு முளைவிட்ட ஈர மணல் மீது தண்டவாளத்தை நேரடியாகப் பதித்தால் பார்க்க அழகுதான், ஆனால் ஒரு மணல் துகள் பல்சக்கரத்தில் புகுந்தாலும் தொல்லை. அடியில் ஒரு பிளைவுட் பலகை வையுங்கள்.