மகளின் பராமரிப்புக் காசு ஓய்வூதியத்திலிருந்தே வந்த விதம்

நானும் மகளும் கோண்டாவிலுக்குத் திரும்பிய பிறகு, அமெரிக்காவில் இருக்கும் அவளுடைய அப்பா நினைத்தால் பராமரிப்புக் காசு அனுப்புவார், இல்லாவிட்டால் இல்லை. அமெரிக்க இராணுவத்தில் 20 ஆண்டு முடித்து ஓய்வூதியம் எடுப்பவர். "கலியாணம் கட்டி 8 வருசம்தானே பிள்ளை, 10 வருசம் இல்லாமல் அந்தப் பென்சனில நீ கை வைக்க ஏலாது" என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.

பெரியப்பா சொன்ன 10 வருடக் கணக்கு உண்மைதான். ஆனால் அது, விவாகரத்தில் சொத்தாகப் பிரித்த ஓய்வூதியப் பங்கை முன்னாள் மனைவிக்கு நேரே அனுப்ப 1982ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த நிபந்தனை: திருமணமும் இராணுவ சேவையும் 10 ஆண்டாவது ஒன்றாக ஓடியிருக்க வேண்டும். பிள்ளையின் பராமரிப்புக்கு அந்த நிபந்தனை கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பினால் பாதிக்கப்படுவது பிள்ளைதான்.

பராமரிப்புத் தீர்ப்பு தந்த அமெரிக்க மாநிலத்தின் பிள்ளைப் பராமரிப்பு அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். இரவில் விழித்திருந்துதான் கதைக்க வேண்டியிருந்தது. தீர்ப்பின் முத்திரையிட்ட பிரதியும் நிலுவைக் கணக்கும் கேட்டார்கள். வந்த காசு, வராத காசு என்று மகளின் பழைய கொப்பியில் கோடு போட்டு மாதம் மாதமாக எழுதி, ஸ்கான் செய்து அனுப்பினேன். அவர்கள் பிடித்தக் கட்டளையை, இராணுவ ஓய்வூதியம் வழங்கும் டிஃபாஸ் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். இப்போது ஓய்வூதியம் அவர் கைக்குப் போகுமுன்பே பிடிக்கப்பட்டு, மாநில அலுவலகம் வழியாக என் கணக்குக்கு வருகிறது. நிலுவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது.