‘ரொம்ப’ எல்லாம் ‘டூ’ ஆகிவிடாது

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தபோது, சாம்பிள் துணி ரொம்ப மென்மையாக வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் போட்டேன்: ‘தி ஃபேப்ரிக் இஸ் டூ சாஃப்ட்’. ‘அப்படியானால் வேறு துணி பாருங்கள்’ என்று பதில் வந்தது.

நான் எழுதியிருக்க வேண்டியது ‘வெரி சாஃப்ட்’. ஆங்கிலத்தில் ‘வெரி’ அளவை மட்டும் சொல்லும். ‘டூ’ போட்டால் அளவு மீறிவிட்டது, அதனால் சிக்கல் என்று அர்த்தம். தமிழில் இரண்டுக்கும் ‘ரொம்ப’ போதும். ‘காபி ரொம்பச் சூடு’ என்பது பாராட்டா புகாரா என்று குரலே காட்டிக்கொடுத்துவிடும். மெயிலில் குரல் ஏது? அதனால் எழுதும் முன் ‘ரொம்ப’ இருக்கும் இடத்தில் ‘அளவுக்கு மீறி’ என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால்தான் ‘டூ’. ‘டூ குட்’ என்று நண்பர்களை மெச்சுவது பேச்சோடு இருக்கட்டும்.

‘தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்’ என்றாலே குடிக்க முடியாத சூடு என்றாகிவிடுகிறது. ‘நாட்’ தனியாக வேண்டாம். கடைசியில் ‘இட்’டும் சேர்க்கக் கூடாது. பள்ளியில் மாற்றி எழுதச் சொல்வார்களே, ‘ஸோ ஹாட் தட் ஐ கேனாட் டிரிங்க் இட்’, அதில் மட்டும் ‘இட்’ கட்டாயம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

அடுத்தது ‘எனஃப்’. ‘போதுமான பணம்’ என்பதை அப்படியே ‘எனஃப் மணி’ எனலாம், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். அந்தப் பழக்கத்தில் ‘எனஃப் டால்’, ‘எனஃப் ஃபாஸ்ட்’ என்று எழுதிவிடுகிறோம். பெயரடைக்கும் வினையடைக்கும் அது பின்னால்தான்: ‘டால் எனஃப்’, ‘ஃபாஸ்ட் எனஃப்’. 18 வயது நிரம்பிய பெண்ணைப் பற்றி ‘ஷி இஸ் ஓல்ட் எனஃப் டு வோட்’ என்போம். ‘ஓல்ட்’ என்பதால் கிழவி ஆகிவிடமாட்டாள். ஓட்டுப் போடும் வயது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு மனம் பதறுவது ‘ஹார்ட்லி’யைப் பார்த்தால். கடுமையாக உழைக்கும் பையனுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதி, ‘ஹி ஒர்க்ஸ் ஹார்ட்லி’ என்று முடிக்கிறார்கள். அவன் வேலையே செய்வதில்லை என்றல்லவா படிப்பவர் எடுத்துக்கொள்வார்! ‘ஹி ஒர்க்ஸ் ஹார்ட்’ என்பதே சரி, ‘லி’ வேண்டாம்.

‘எ ஃபியூ’ என்றால் சில. முன்னால் ‘கொய்ட்’ வந்து ‘கொய்ட் எ ஃபியூ’ ஆனால், நிறைய. பையர் ‘கொய்ட் எ ஃபியூ டிஃபெக்ட்ஸ்’ என்று எழுதியிருந்தால் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். உடனே செக்கிங் செக்‌ஷனுக்கு ஓடுங்கள்.