வெடிக்காத சோள ரொட்டி

மகளுக்குக் கோதுமை ஆகாது. சோள மாவில் சுரைக்காய் துருவிப் போட்டு ரொட்டி தட்டினால், மூன்று நாளாக ஓரமெல்லாம் வெடித்தது. தூக்கினால் இரண்டாகப் பிளந்தது. தண்ணீரைக் கூட்டினேன், கையில் ஒட்டியது. மாவைக் கூட்டினேன், வறட்டி போலானது.

அப்புறம்தான் கவனித்தேன்: முதல் உருண்டை கெட்டியாக இருக்கிறது, நான்காவது தளர்ந்துவிடுகிறது. உப்பு பட்ட சுரைக்காய் மெதுவாக நீர் விடுகிறது!

துருவலில் உப்பு பிசிறி, 10 நிமிடம் கழித்துப் பிழிந்தேன். பிழிந்த நீரோடு தண்ணீர் சேர்த்து 1 கப் ஆக்கி, தளதளவென்று கொதிக்கவிட்டு, 1 கப் மாவில் ஊற்றிக் கிளறி மூடினேன். 5 நிமிடத்தில், சூடு ஆறுமுன் துருவலோடு அழுத்திப் பிசைந்தேன். கோதுமை மாவுக்குப் பிடிப்பு தரும் புரதமான குளூட்டன் சோளத்தில் இல்லை. இதில் வெந்த மாவுச்சத்துதான் பிடிப்பு தருகிறது. வாழையிலையில் தட்டினேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. அப்பாடா!