மரத்தின் கழுத்தில் சிமென்ட் வேண்டாம்

வாசலில் நிற்கும் மரத்தின் அடியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தண்டை ஒட்டியே சிமென்ட் பூசியிருக்கிறதா? பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். மரத்துக்கோ மூச்சுத் திணறல். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், சுமார் 60 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்கு நீரோடு காற்றும் வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் தெரியும்படி, வேரில் அடிபடாமல், சிறு உளியால் பூச்சை உடைத்தெடுங்கள்.

திறந்த மண்ணில் உதிர்ந்த இலைகளையே 5 முதல் 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பலாம். (அவற்றைக் கூட்டிக் கொளுத்துகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.) தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே பரப்புங்கள், ஒட்டிக் குவித்தால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும். தண்ணீரையும் அடியில் கொட்டாமல், கிளைகளின் நிழல் விழும் வட்டமெங்கும் ஊற்றுங்கள்.

கொடிக்கம்பியோ விளம்பரத் தட்டியோ கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். இலைகள் தயாரிக்கும் உணவு பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்டு பருக்கப் பருக்கக் கம்பி அந்த வழியை இறுக்கி அடைத்துவிடும்.

கிளையை வெட்டியே ஆக வேண்டுமா? அது தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு வெளியே அறுங்கள். காயத்தை மரமே மூடிக்கொள்ளும். மேலே பெயின்ட் பூசத் தேவையில்லை.